விடியற்காலையில் சொல்ல வேண்டிய செய்தி

அடிஸ் அபாபா
1974 செப்டம்பர் 15

அன்புள்ள தெவாபெச் அக்காவுக்கு,

தம்பி மெர்ஷா எழுதுவது. நான் நலம். அம்மா, நீ, சிசாய் எல்லோரும் நலம்தானே? ஆடு மாடு, வாற்கோதுமை, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் குறைவில்லாமல் இருக்கின்றனவா?

ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். ராஜா போய்விட்டார். அரண்மனைப் படிக்குக் கீழே நானும்தான் நின்றுகொண்டிருந்தேன், நாலாவது வரிசையில். ஒரு சின்னக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. மூவாயிரம் வருஷத்து வம்சம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து அடி வாங்கினேனே, அது இவ்வளவு லேசாகப் போகும் என்று யார் நினைத்தது?

இனி நாட்டை நடத்தப்போவது எங்கள் குழு. தெர்க் என்கிறார்கள். ஒவ்வொரு படைப்பிரிவிலிருந்தும் ஆள் வேண்டும் என்றபோது எங்கள் கர்னல் என்னைக் கைகாட்டினார். திறமையைப் பார்த்து இல்லை. தண்ணீரில் புழு, சோற்றில் கல் என்று தினமும் புகார் சொல்லும் லெப்டினன்ட் ஒழிந்தால் போதும் என்றுதான். இப்போது அவர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மாவிடம் சொல், நிலம் வரும். பண்ணையார் கிராஸ்மாச் தெமெஸ்கெனின் நிலத்தை உழுது உழுது, பாதி விளைச்சலை அவர் வாசலில் கொட்டியே செத்துப்போனார் அப்பா. அந்தப் பாதி இனி யாருக்கும் கிடையாது. இதற்காகத்தான் நான் இங்கே இருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

சிசாயை என்னிடம் அனுப்பு. இங்கே நல்ல பள்ளியில் சேர்க்கிறேன். கடைக்குட்டியைப் பிரிய அம்மா அழுவாள். கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று நான் சொன்னதாகச் சொல்.

எத்தியோப்பியாவே முதலில்!
மெர்ஷா


தெப்ரே பிர்ஹான்
1975 டிசம்பர் 20

தம்பி மெர்ஷாவுக்கு,

நாங்கள் நலம். கடிதத்தின் அடியில் கோஷம் போடாதே. அம்மா அதையும் படிக்கச் சொல்கிறாள், படித்துவிட்டு நான் கையை உயர்த்த வேண்டியிருக்கிறது.

நிலம் வந்துவிட்டது. உழுகிறவனுக்கே நிலம் என்ற சட்டத்தைப் படித்த அன்று ஊரே ஆடியது. நானும் ஆடினேன். டீச்சர் ஆடுகிறாளே என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். போன வாரம் களம் அடித்தோம். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? வழக்கம்போல் தானியத்தை இரண்டு குவியலாகப் பிரித்தாள். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இன்னொன்றைக் களத்திலேயே மூடிவைத்துவிட்டுக் காவல் இருந்தாள். "யாரும்மா வரப்போறா?" என்றேன். "தெரியலடி. ஆனா யாராவது வருவாங்கல்ல" என்றாள். மூன்று நாள் கழித்துத்தான் உள்ளே எடுத்துவர மனசு வந்தது. அன்று உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நல்லபடியாகத்தான்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. போன வருஷம் நீங்கள் அந்தப் பெரிய மனிதர்களைச் சுட்டீர்களே, அதில் கிராஸ்மாச்சின் அண்ணனும் ஒருவர். அவருடைய மனைவி இங்கேதான் இருந்தாள். காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவள் ரேடியோவில் கேட்டாளாம். புருஷன் பெயரை, தேதி சொல்வதுபோல் படித்தார்களாம். மெர்ஷா, நம்மில் யாராவது அப்படிச் சாவு சொல்வார்களா? கடிதத்தில்கூட எழுத மாட்டோமே! விடியற்காலையில், அவள் வாயில் எதுவும் போடும் முன்னால், தெரிந்தவர்கள் நாலு பேர் வாசலில் கூடி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டல்லவா சொல்ல வேண்டும்? சாவு வீட்டில் கூடாரம் போட, கஞ்சி வைக்க, தெருவுக்குத் தெரு இதிர்ச் சங்கம் எதற்கு இருக்கிறது?

அம்மா போனாள். "அவங்க நம்மள உறிஞ்சினவங்கம்மா" என்று நான் தடுத்தேன். "உறிஞ்சினது ஆம்பளைங்க. அவளுக்குப் புடிச்சுக்க ஆள் வேணாமா?" என்று போய் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிசாயை மாணவர் படையில் கிராமத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். எழுதினான். விவசாயிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறானாம், அதிகாரியோடு சண்டையும் போடுகிறானாம். நிலம் ஜனங்களுக்கு என்றால் ஆட்சி மட்டும் ஏன் பட்டாளத்துக்கு என்று கேட்டானாம். கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. அவனை அதட்டாதே.

பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான். ஒருமுறை வந்து உன் நிலத்தைப் பார்த்துவிட்டுப் போ.

அக்கா தெவாபெச்


அடிஸ் அபாபா
1977 மார்ச் 2

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை என் டிரைவர் நேரில் தருவார். படித்ததும் அடுப்பில் போடு.

சிசாய் என் வீட்டைவிட்டுப் போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. தெரியாமல் இருப்பதே எனக்கு நல்லது. தலைமறைவுக் கட்சியில் சேர்ந்துவிட்டான். என் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே எங்களைத் திட்டும் துண்டுப் பிரசுரம் கட்டுக்கட்டாக இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் என் தலை போயிருக்கும்.

கேட்டேன். "மக்களோட புரட்சிய நீங்க திருடிட்டீங்கண்ணே" என்றான். என் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னான். "யாருடா மக்கள்? அம்மாவுக்கு நெலம் குடுத்தது யாரு? உன் துண்டுக் காயிதமா?" என்று கேட்டேன். "நெலத்தக் குடுத்துட்டு வாயத் தச்சுட்டீங்க" என்றான். அறைந்துவிட்டேன். அன்றைக்குப் போனவன்தான்.

அவன் ஆட்கள் தெருவில் எங்கள் ஆட்களைச் சுடுகிறார்கள். என்னோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவன், போன வெள்ளிக்கிழமை தன் வீட்டு வாசலில் விழுந்தான். நாங்களும் சும்மா இல்லை. குழுவுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டோம் என்பதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். கூட்டத்துக்குப் போனால் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அவன் உன்னிடம் வந்தால் கையோடு பிடித்து வை. வயலில் இறக்கி வேலை வாங்கு. இனிமேல் கடிதத்தில் அவன் பெயரை எழுதாதே.

மெர்ஷா


தெப்ரே பிர்ஹான்
1978 ஜனவரி 30

மெர்ஷா,

அவன் பெயரை எழுதத்தான் போகிறேன். சிசாயைப் பிடித்துவிட்டார்கள்.

உனக்குத் தெரியாமல் இருக்காது. பழைய தபால் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் வட்டார அலுவலகத்துக் கொட்டடியில் இருக்கிறான். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அடிஸ் அபாபாவுக்கு வந்து சித்தி வீட்டில் தங்கி, தினமும் சாப்பாடு கொண்டுபோனேன். உள்ளே விட மாட்டார்கள். தூக்குப் பாத்திரத்தைக் காவல்காரன் வாங்கிக்கொண்டு போவான், சாயங்காலம் காலியாகத் திரும்பி வரும். காலியாக வந்தால் இருக்கிறான் என்று அர்த்தம். அங்கே வரிசையில் நிற்கும் பெண்களுக்கெல்லாம் அதுதான் பாஷை. ஒருத்தியிடம் பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்து, "இனிமே கொண்டாராதே" என்றான். அவள் அழவில்லை. அழுதால் அவளையும் உள்ளே போடுவார்களாம். அழுவதற்கும் தடை போட்டிருக்கிறீர்களாமே?

இரண்டு நாள் உன் அலுவலக வாசலில் நின்றேன். "மேஜர் ஊர்ல இல்லம்மா" என்றான் காவலுக்கு நின்ற பையன். உன் கார் உள்ளே நின்றது. அதே டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் உன்னிடம் பதவியா கேட்டு வந்தேன்? நீ சின்ன வயதில் அம்மை வந்து கிடந்தபோது உன் அரிப்புக்குத் தடவிவிட்ட கையடா இது.

அம்மாவுக்கு அவன் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். லீவு முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். சித்தி பாத்திரம் கொண்டுபோகிறாள்.

போய்ப் பார், மெர்ஷா. ஒரு வார்த்தை சொல். உன் ஒரு வார்த்தைக்கு அங்கே கதவு திறக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

தெவாபெச்


அடிஸ் அபாபா
1978 பிப்ரவரி 21

அக்காவுக்கு,

சித்தி கொண்டுபோன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று தகவல் சொல்லியிருந்தாய். அதற்குக் காரணம், அவன் இப்போது அங்கே இல்லை. சிசாயை மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்பியிருக்கிறார்கள். பல்கேரியா. அங்கிருந்து கடிதம் போட அனுமதி இல்லை. அம்மாவிடம் அப்படியே சொல்.

என்னை வடக்குப் போர்முனைக்கு மாற்றிவிட்டார்கள். நாளைக் காலை கிளம்புகிறேன். ஊருக்கு வந்து சொல்லிக்கொள்ள நேரம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எத்தியோப்பியாவே முதலில்.
மேஜர் மெர்ஷா


தெப்ரே பிர்ஹான்
1984 அக்டோபர் 9

கர்னல் மெர்ஷா அவர்களுக்கு,

உன்னைத் தலைநகருக்குத் திரும்ப மாற்றியிருக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். பத்தாம் ஆண்டு விழா மேடையில் நிற்கிறாய், பின்னால் மூன்று தாடிக்காரர்கள் படம். சதை போட்டிருக்கிறாய்.

இங்கே பெரிய ரோட்டில் வடக்கேயிருந்து ஜனங்கள் நடந்து வருகிறார்கள். மழை இல்லை, விதைக்கு வைத்ததையும் தின்றாயிற்று. பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வருகிறார்கள், சில பிள்ளைகள் உயிரோடு இல்லை, ஆனாலும் இறக்குவதில்லை. உங்கள் விழா முடியும்வரை ஒருவரும் தலைநகருக்குள் நுழையக் கூடாது என்று ஊர் எல்லையில் பட்டாளம் மறித்தது. வளைவு கட்டியிருக்கும் தெருவில் இவர்கள் நடந்தால் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அசிங்கமாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் படுக்கவைத்தோம். அம்மாவின் நிலத்தைக் கூட்டுப் பண்ணையில் சேர்த்து, விளைவதை நீங்கள் வைத்த விலைக்கே அள்ளிப்போகிறார்கள். ஆனாலும் ஒளித்துவைத்திருந்த வாற்கோதுமையை அம்மா எடுத்து வந்து அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள். நாங்கள் மட்டும் சாப்பிட்டால் இறங்குமா?

இது எதற்கும் நான் உனக்கு எழுதவில்லை. பல்கேரியாவைப் பற்றி எழுதுகிறேன்.

ஆறு வருஷமாக அம்மா பஞ்சு நூற்றுக் கனமான போர்வை நெய்யக் கொடுக்கிறாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் அந்த ஊரைக் காட்டச் சொன்னாள். விரலால் தொட்டுப் பார்த்து, "இவ்ளோ வடக்கயா, அப்ப ரொம்பக் குளிருமே" என்றாள். நான் திரும்பிக்கொண்டேன்.

லெமா விடுதலையாகி வந்துவிட்டான். தெரியுமல்லவா, எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவன். சிசாயோடு அதே கொட்டடியில் இருந்தவன். எல்லாம் சொன்னான். விடியலில் பெயர் கூப்பிட்டு எட்டுப் பேரை லாரியில் ஏற்றினார்களாம். சிசாய் ஏழாவது. வெயில் ஏறும் முன்பே லாரி காலியாகத் திரும்பி வந்துவிட்டதாம். நீ பல்கேரியா என்று எழுதிய கடிதத்துக்கு முந்தைய வாரம்.

அதையாவது தாங்கிக்கொள்வேன். அதற்கு முதல் நாள் நீ அங்கே வந்தாயாமே! உன் பட்டாளத்துக் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டுப் போனாயாமே! கோட்டுக் கொடுக்க முடிந்த கைக்குக் கதவைத் திறக்க முடியவில்லையா?

லெமா வந்ததும் இதிர் ஆட்கள் என்னிடம் வந்தார்கள். "நாங்க வந்து அம்மாகிட்ட சொல்லிடவா? இன்னும் எத்தன நாளைக்கு அவங்கள இப்படியே விடறது?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை நீதான் சொல்ல வேண்டும். விடியற்காலையில் வந்து, அம்மாவின் கையைப் பிடித்து, நீ. அதுவரை அவனுக்கு நாற்பதாம் நாள் பூசை கிடையாது, அழுகை கிடையாது, ஒன்றும் கிடையாது. உயிரோடு இருக்கிறவனுக்கு யார் பூசை செய்வார்கள்?

தெவாபெச்


அடிஸ் அபாபா
1984 நவம்பர் 3

தெவாபெச்சுக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் இரண்டு பேர் படித்திருக்கிறார்கள். உறையைப் பார்த்தாலே தெரிந்தது. உனக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க நான் யார் யாரிடம் பல்லிளித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம்.

கதவைத் திறக்க முடியவில்லையா என்று கேட்கிறாய். அங்கே போனதற்கே என் கழுத்தில் கயிறு ஏறியிருக்கும். போனேன். "தப்புதான்னு ஒரு வரி எழுதிக் குடுடா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றேன். சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை. "நீங்க எழுதிக் குடுங்கண்ணே, நான் உங்கள வெளிய விடறேன்" என்றான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? குளிரில் நடுங்கினான். கோட்டைக் கொடுத்தேன். அது ஒரு குற்றமா?

நான் ஒருவன் குறுக்கே நின்றிருந்தால் எட்டு ஒன்பதாகியிருக்கும், அவ்வளவுதான். அம்மாவுக்கு இரண்டு மகனும் இல்லாமல் போயிருப்போம். அதை நீ யோசித்தாயா? நிலம் கிடைத்தபோது ஆடினாயே, அந்தச் சட்டத்துக்குக் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆடியபோது என் கை நன்றாக இருந்தது, இல்லையா?

அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன். போர் முடியட்டும். அதுவரை நீயும் சொல்லாதே, யாரையும் சொல்லவும் விடாதே. இந்த விஷயத்தை மறுபடி கடிதத்தில் எழுதாதே.

மெர்ஷா


தெப்ரே பிர்ஹான்
1988 ஜனவரி 12

மெர்ஷா,

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விடியற்காலையில் வருகிறேன், அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தாய். நம்பினேன். மூன்று வருஷம் கழித்தாவது புத்தி வந்ததே என்று இதிர் ஆட்களிடம் சொல்லிவைத்தேன். ஆறு பேர் பனியில் நடுங்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்றார்கள். விடிந்தது. வெயில் வந்தது. அம்மா கதவைத் திறந்து அவர்களைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மாடு வாங்கவா வந்தீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உன் ஜீப்பைப் பெட்ரோல் பங்க்கில் பார்த்ததாகப் பால்காரர் வந்து சொன்னார். என்னிடம் இல்லை, அம்மாவிடமே சொன்னார். "உங்க புள்ள வந்துட்டாரும்மா, பங்க்ல நிக்கிறாரு. எறங்காம ஸ்டியரிங்கப் புடிச்சிட்டே உக்காந்திருக்காரு" என்று. அம்மா முகம் கழுவிக்கொண்டு, நல்ல துணியை உடுத்திக்கொண்டு, மத்தியானம் வரை வாசலில் நின்றாள். பங்க்கிலிருந்து நம் வீடு பத்து நிமிஷ நடை. எத்தனை போர்முனை பார்த்தவன் நீ!

இனிமேல் உனக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

தெவாபெச்


ராணுவ அதிகாரிகள் முகாம்
1991 ஜூலை 14

அக்கா,

நம் ஊர்ப் பக்கமிருந்து முகாமுக்குப் பால் கொண்டுவருகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிக்காமல் படிப்பாய் என்று நம்புகிறேன்.

எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் குழுத் தலைவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்று ரேடியோதான் எங்களுக்கும் சொன்னது. அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். காலையில்கூடக் கடைசித் துளி ரத்தம் வரை போராடுவோம் என்று அவர் பெயரில் சுற்றறிக்கை வந்திருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் டிரைவர் உள்ளே வந்து, "சார், நான் வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான். அவ்வளவு மரியாதையாக அவன் என்னிடம் அதற்கு முன் பேசியதில்லை. மறுநாளே தோள்பட்டை நட்சத்திரங்களைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டேன். தெருவெல்லாம் வடக்கேயிருந்து நடந்து வந்த நம் சிப்பாய்கள், ஒரு கை வறுத்த வாற்கோதுமைக்குக் கடைக்குக் கடை கையேந்திக்கொண்டு. எனக்குச் சல்யூட் அடித்துப் பழகிய கைகள். நான் வேறு தெருவில் திரும்பிவிட்டேன்.

பிறகு புதிய ஆட்கள் வந்தார்கள், வடக்கே இத்தனை வருஷம் எங்களோடு போரிட்ட படை. தலைமுடி அடர்ந்த, செருப்புப் போட்ட பொடியன்கள். அதிகாரிகள் எல்லோரும் வந்து பதிவு செய்யுங்கள் என்றார்கள், வந்தேன். விசாரணை நடக்கும் என்கிறார்கள். குழுவில் இருந்தவர்களைச் சுலபத்தில் விட மாட்டார்கள். நான் ஊருக்கு வருவேனோ மாட்டேனோ, தெரியாது.

அதனால் நீயே அம்மாவிடம் சொல்லிவிடு, அக்கா. இதிர் ஆட்களை வைத்துச் சொல். என்னால் முடியவில்லை. அன்று பங்க்கில் இறங்கக் கதவைக்கூடத் திறந்தேன். கால் கீழே போகவில்லை. அவனுக்குப் பூசையாவது நடக்கட்டும். அம்மாவுக்கு வயதாகிறது, இனியும் பல்கேரியாவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மெர்ஷா


தெப்ரே பிர்ஹான்
1991 ஆகஸ்ட் 6

மெர்ஷா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை விட்டுவிட்டு, நலம் விசாரிக்கிறான் என்று சொல்லி மடித்தேன். "பல்கேரியாவப் பத்திப் படிடி" என்றாள். "ஒண்ணும் எழுதலம்மா." "எழுதாம இருப்பானா? விட்டுட்டுப் படிக்காத" என்றாள்.

அவளே சொன்னாள். "எனக்குத் தெரியும்டி. பங்க்கோட திரும்பிப் போனானே, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ஆறு பேரு வெறுங்கையோட விடியக்காலைல மாடு வாங்கவா வருவாங்க? உசுரோட இருக்கறவனப் பத்திச் சொல்ல எவன் பயந்துட்டு ஓடுவான்?"

"தெரிஞ்சும் ஏம்மா அழாம இருந்தே? பூசைகூடப் பண்ணாம?" என்று கத்திவிட்டேன்.

"நான் அழுதுட்டா அவன் வரவே மாட்டான். எல்லாந்தான் முடிஞ்சுபோச்சே, இனி எந்த மூஞ்சிய வச்சுட்டு அம்மாகிட்டப் போறதுன்னு அங்கயே இருந்துடுவான். சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருந்தாத்தான் என்னைக்காவது இந்த வாசலுக்கு வருவான். போனவன் போயிட்டான், இருக்கறவனயாவது பாக்க வேணாமா?"

இத்தனை வருஷம் அந்தப் போர்வைகளை அவள் யாருக்காக நெய்யக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு எழுந்து, "அவனால இப்ப வர முடியாது. நாம போலாம்" என்றாள். போய், நீ உன் வாயால் சொல்வதைக் கேட்கப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அது சரியாகப் பட்டது. கம்பிக்குப் பின்னால் நின்றாவது நீ சொல்ல வேண்டும்.

"அவன் சொல்றதா?" என்றாள் அம்மா. "அவனுக்கே யாரும் சொல்லலையேடி. தம்பி செத்துட்டான்னு நாலு பேரு போய், கையப் புடிச்சு, மொறையா அவனுக்குச் சொன்னாங்களா? ஏதோ ஆபீசுல விறைப்பா நின்னுட்டுக் கேட்டிருப்பான். கண்ண மூடக்கூட விட்டிருக்க மாட்டாங்க. பதிமூணு வருஷமா தொண்டையிலயே நிக்குது அவனுக்கு. நான் போய்ச் சொல்றேன். அவன் அழட்டும். அதுக்கப்புறம் நான் அழுதுக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சிசாயைச் சாகவிட்டவனுக்குத் துக்கம் சொல்லப் போகிறாளாம்! உனக்கு என்ன உரிமை இருக்கிறது அந்த அழுகைக்கு? அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீ சொல்றதெல்லாம் சரிதான். விசாரிக்கறவங்க விசாரிக்கட்டும், தண்டிக்கறவங்க தண்டிக்கட்டும். அவன் சிசாய்க்கு அண்ணன். அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?" என்று கேட்டாள். நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

இதிர் ஆட்கள் ஒரு லாரி பிடித்திருக்கிறார்கள். கூடாரத்தையும் எடுத்து வருகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை இருட்டிலேயே கிளம்பி, விடியும்போது உன் முகாம் வேலிக்கு வெளியே வந்துவிடுவோம். காவலில் இருக்கும் பையன்களிடம் நம் பாதிரியார் போய்ப் பேசினார். அவர்களும் ஒரு தாய்க்குப் பிறந்தவர்கள்தானே, கொஞ்ச நேரம் விடுகிறோம் என்றார்களாம்.

இதை உனக்கு முன்கூட்டி எழுதக் கூடாது என்று அம்மா சொன்னாள். வழக்கம் அதுதான். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். எங்களைத் தூரத்தில் பார்த்ததும் உடம்பு சரியில்லை என்று உள்ளேயே படுத்துக்கொள்வாய். அதனால் எழுதுகிறேன். வெளியே வா. ஒன்றும் சாப்பிடாமல் வா. உள்ளே உனக்கு வேண்டியவர்கள் யாராவது இருந்தால் இரண்டு பேரைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொள். அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதும் உன்னைப் பிடிக்க ஆள் வேண்டும்.

அப்படி யாரும் இல்லையென்றால், அந்த வேலிக் கம்பிக்கு நடுவே ஒரு கை நுழையுமா என்று பால்காரரிடம் சொல்லி அனுப்பு.

அக்கா